பத்தில் நின்ற குமிழ்

ஜனவரி 4, ஞாயிறு

களி. வேறு சொல் இல்லை. கிடாரின் ஏழாவது தந்தியைத் தட்டினால் ஸ்பீக்கரிலிருந்து ராகிக்களி மாதிரி ஒன்று வழிகிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மேல் ஒலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைப் பத்து வரை திருகிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் அந்தக் குமிழில் எண் இல்லை.

குமாரசாமியின் கோழித்தீவனக் குடோனில் மாலை ஒத்திகை. பல வருஷமாக அங்கேதான் வாசிக்கிறோம். மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். எலிகள் புகார் சொல்வதில்லை. குமாரசாமி டிரம்ஸ். இருதயராஜ் பேஸ் கிடாரும் பாட்டும். நான் கிடார். மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. குழுவின் பெயர் பாறைக்குழி. நாங்கள் வாசிப்பது கனமான, இடி மாதிரியான இசை. கோயம்புத்தூர் அதைச் சத்தம் என்கிறது. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவனுக்குக் கிடார் எதற்கு என்றும் கேட்கிறது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேசட் தேயத் தேயக் கேட்டு நானே கற்றேன். யாருக்கும் பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இருதயராஜின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அவனுக்காக எல்லாப் பாட்டையும் கீழ்ச் சுருதிக்குக் கொண்டுபோனோம். ஆறு தந்திக் கிடார் அவ்வளவு கீழே போகாது. அதனால்தான் ஏழு தந்திக் கிடார் வாங்கினேன். அதன் ஏழாவது தந்தி சைக்கிள் பிரேக் கம்பி தடிமன். அதையும் தளர்த்தி இன்னும் கீழே வைத்திருக்கிறேன். இவ்வளவும் அவனுக்காக. அவன் இன்று சொல்கிறான்:

"டே நாச்சி, உன்ற கிடாரு காத அறுக்குது. கொஞ்சம் கொற."

"அறுக்குதா? களி மாதிரிக் கெடக்குது. அறுக்குதுங்கற."

அவன் குமாரசாமியைப் பார்த்தான். குமாரசாமி டிரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டான். "கீச்சுனுதான் இருக்குது மாப்ள."

களியைக் கீச்சு என்கிறவர்களோடுதான் பிப்ரவரி 21 அன்று மேடை ஏறப் போகிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றின் திறந்தவெளி அரங்கு. இளவட்டக் குழுக்களுக்கு நடுவில் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். முன்பு ஒருமுறை இதே மாதிரி ஒரு கல்லூரியில் இரண்டாவது பாட்டிலேயே ஊளையிட்டு இறக்கிவிட்டார்கள். அது மறுபடி நடக்கக்கூடாது. களியோடு போனால் நடக்கும்.

குற்றம் பிக்கப்பில்தான். தந்திக்கு அடியில், காந்தத்தின் மேல் செப்புக் கம்பி சுற்றி வைத்த சின்னப் பெட்டி அது. தந்தி அசைவதை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புகிறது. கிடார் செய்தவன் மட்டமான பிக்கப்பை வைத்துவிட்டான். மாற்றப் போகிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பெங்களூரில் பிக்கப் விற்கிறவனுக்கு ஃபோன் செய்தேன். ஏழு தந்தி, கீழ்ச் சுருதி, தந்திகள் முடிகிற பிரிட்ஜ் பக்கம் வைக்க வேண்டும் என்றேன்.

"பையனுக்கா சார்?"

எனக்கு என்றேன். பிறகு ஏதேதோ மாடல் பெயர்களை வாய்க்குள்ளேயே சொன்னான். இப்போதெல்லாம் ஒருவனுக்கும் வாய் திறந்து பேசத் தெரியவில்லை. "என்ன, என்ன" என்று நான்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. வைத்துவிட்டேன்.

என் மனைவி பூங்கொடி கோயிலுக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். விசில் வரவே இல்லை. அவள் திரும்பி வந்தபோது சாதம் அடிப்பிடித்திருந்தது. அதற்கு என்னைத் திட்டுகிறாள். குக்கர் வெயிட் கெட்டுப்போயிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். பழையதை ஆணி டப்பாவில் போட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

யாரிடமும் வாங்க வேண்டாம். நானே சுற்றிவிட்டேன்.

பிக்கப் என்பது என்ன? சைக்கிள் டைனமோ. காந்தம், சுருள், நடுவில் ஓர் அசைவு. டைனமோவில் சுற்று கூடினால் வோல்டேஜ் கூடும். இதைத் தெரிந்துகொள்ள பெங்களூருக்கு ஃபோன் செய்ய வேண்டியதில்லை. கிடாரோடு வந்த பிக்கப்பில் சுற்று குறைவு; அதனால் சத்துக் குறைவு; அதனால் களி.

மின்சாரம் கடத்தாத ஹைலம் தகட்டை வெட்டிச் சட்டம் செய்தேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி கடையிலேயே இருக்கிறது. ஃபேன் காயில் சுற்றுகிற கை மெஷினில், சட்டத்தின் வயிறு புடைக்கிற வரை சுற்றினேன். மூன்று முறை அறுந்தது. அறுந்த இடத்தில் பற்றவைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இவர்களோடு இத்தனை வருஷம் எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

புது பிக்கப்பைப் போட்டு வாசித்தேன். முன்பு களி, இப்போது கம்பளியில் சுற்றிய களி. எனக்கே வெறுத்துவிட்டது. நிறுத்தினேன். இருதயராஜ் சிரிக்கிறான்.

"இது பரவால்ல நாச்சி. காதுக்கு எதமா இருக்குது. அடியிலதான் கொஞ்சம் கொழகொழங்குது."

"எதமா இருக்கறதுக்கு இது என்ன தைலமா?"

"அட, நல்லா இருக்குதுன்னு சொன்னாலும் ஏறிக் குதிக்கறானப்பா," என்றான் குமாரசாமி.

நான் வாசிப்பதை மூடி மறைத்தால் இவர்களுக்கு இதமாக இருக்கிறது. அப்படித்தானே? ஆளுக்கொரு தீவன மூட்டையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

தப்பு எங்கே என்று பிடித்துவிட்டேன். சுற்று கூடினால் பலம் கூடுகிறது. ஆனால் சுருளுக்குள்ளேயே மேல் ஒலிகள் சிக்கி மடிந்துவிடுகின்றன. மோட்டார்க்காரன் புத்தி பலத்தை மட்டும் பார்த்தது. கீழ்ச் சுருதிக்கு வேண்டியது பலம் இல்லை, தெளிவு.

பாதியைப் பிரித்தெடுத்தேன். சுற்றும்போது ஒரு வேலை என்றால் பிரிக்கும்போது மூன்று வேலை. பிறகு எரிச்சலாகி எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு, இரண்டு புதுச் சட்டம் செய்தேன். ஒன்றில் முந்தைய மாதிரியே தடியாக, இன்னொன்றில் கம்பெனிச் சுருளைவிட மெலிதாக. மெலிந்ததற்கு மட்டும் பலமான காந்தம்.

மகள் சுகந்தி திருப்பூரிலிருந்து ஃபோனில் வந்தாள். அவள் அம்மா சொல்லியிருப்பாள் போல. பெங்களூர் பிக்கப் ஒன்றைத் தானே வரவழைத்துத் தருவதாகச் சொன்னாள். எனக்குத் தேவையில்லை என்றேன். அனுப்பிவிட்டாளாம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சுகந்தியும் மாப்பிள்ளையும் வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். பூங்கொடி பின்கட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் இருந்தேன்.

"எத்தன தடவ பெல்ல அடிக்கறதுப்பா?" என்றாள் உள்ளே வந்து.

அடித்ததாம். அடித்தால் எனக்குக் கேட்காதா? மத்தியானமே அந்தக் காலிங் பெல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினேன். பண்டிகை அன்று கூட ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. மகளும் அம்மாவும் அடுக்களையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

ஜனவரி 18, ஞாயிறு

மெலிந்த பிக்கப்பைப் போட்டேன். முதன்முறையாகக் களிக்குள் ஏதோ எலும்பு தட்டுப்பட்டது. முழுத் தெளிவு இல்லை. ஆனால் சரியான வழி. நான் சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தேன்.

இருதயராஜ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். குமாரசாமி எழுந்து வெளியே போய்விட்டான்.

"டே, நிறுத்து. நிறுத்துடா."

"என்ன?"

"தகரத்த அரத்துல ராவற மாதிரி இருக்குது. உனக்கு என்னதாண்டா ஆச்சு?"

"எனக்கா? உங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாரு. போன வாரம் அமுக்கி வெச்சா எதமா இருந்துது. இன்னிக்குத் தெளிவா வந்தா கசக்குது."

"என்ற குரலே எனக்குக் கேக்கறதில்ல நாச்சி. இருக்கறதே பாதிக் குரலு. அதையும் நீ அறுத்துப்போட்டா நான் எதுக்குப் பாடறது?"

வார்த்தை வளர்ந்தது. அவன் ஆபரேஷனைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. அவன் பேஸ் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"இந்த பிக்கப்போட நீ மேடைக்கு வந்தீன்னா நான் வரல. அவ்வளவுதான்."

வராவிட்டால் போகட்டும்.

ஜனவரி 22, வியாழன்

பெங்களூர் பிக்கப் வந்தது. அழகான டப்பா, உள்ளே பஞ்சு. மாட்டினேன். குமிழைப் பத்தில் வைத்தேன். களி.

ஜனவரி 24, சனி

மாவு மில் ராஜாமணி வந்தாள். போன வாரம் நான்தான் அவள் மோட்டாரை வைண்டிங் செய்து பொருத்திக் கொடுத்தேன்.

"ஏனுங்கண்ணா, மோட்டாரு கத்துதுங்க."

"அதெப்படிக் கத்தும்? புது வைண்டிங்."

"நீங்களே வந்து கேளுங்க. சனம் மாவு அரைக்க வந்துட்டுக் காதப் பொத்திக்குதுங்க."

எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளும் காலம் இது. போனேன். மோட்டார் ஓடும்போது நீளத் திருப்புளியின் முனையை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்தால் உள்ளே இருக்கும் கோளாறு தெரியும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. நான் செய்யத் தொடங்கியபோது ராஜாமணி பிறக்கவில்லை. கேட்டேன். சுத்தமாக இருந்தது. பெல்ட்தான் உரசுகிறது, மாற்று என்றேன்.

"பெல்ட்டு சத்தமாட்டத் தெரியலீங்கண்ணா."

"நீ வைண்டிங்காரியா, நான் வைண்டிங்காரனா?"

அவள் மாவு அள்ளப் போய்விட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஒத்திகைக்குப் போகவில்லை. குமாரசாமி வீட்டுக்கு வந்தான். என் பெரியப்பன் மகளைக் கட்டியவன் என்பதால் தின்பண்டத்தோடு வந்தான். பூங்கொடி காப்பி கொடுத்தாள். அவன் அதை ஆற்றி ஆற்றிக் குடித்தான்.

"மாப்ள, பாலக்காட்டுல ஒருத்தர் இருக்காராம். இருதயராஜுக்குத் தெரிஞ்சவரு. இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும்..."

"என்ன, அவரு பாடறாரா?"

"கிடாரு."

காப்பித் தம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். கிளம்பு என்றேன். கிளம்பினான். வாசல்படியில் நின்று பூங்கொடியிடம் ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது. என் வீட்டு வாசலில் நின்று எனக்குக் கேட்காமல் என் மனைவியிடம் குசுகுசுக்கிறான்.

பாறைக்குழி என்று பெயர் வைத்தவன் நான். பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் நான். பாலக்காட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் வாசிப்பார், நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். நடக்காது. 21 அன்று நான்தான் அந்த மேடையில் நிற்பேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ராஜாமணியின் மோட்டார் இறுகிப்போய் நின்றுவிட்டது. பேரிங் சிதறி, வைண்டிங் முழுக்கக் கருகிவிட்டது. புகை வந்ததில் மாவு அரைக்க வந்த ஒரு பெண் பயந்து ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாளாம்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே. கத்துதுன்னு சொன்னனே. காதுல வாங்கினீங்களா?" ராஜாமணி கடை வாசலில் நின்று கேட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேரிங் கம்பெனிக்காரன் செய்கிற வேலை என்றேன். போலிச் சரக்கு என்றேன். என் செலவிலேயே மறுபடி சுற்றித் தருகிறேன் என்றேன். அவள் மோட்டாரை இறக்கிவிட்டுப் போன பிறகு அந்த பேரிங்கைக் கழற்றினேன். அதே பேரிங்கின் ஜோடி மோட்டாரின் மறுமுனையில் இருந்தது. அதுவும் கெட்டுத்தான் இருந்தது, ஆனால் சிதறவில்லை. அதை விரலில் மாட்டிச் சுழற்றினேன். மணல் இருப்பது போல் விரலுக்குத் தெரிந்தது. திருப்புளிக்குப் பதிலாகக் கையை வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஜனவரி 28, புதன்

அந்தச் சிதறாத பேரிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பூங்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதருகே வைத்துச் சுழற்றினேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னுங்க இது, இப்படிக் கிறீச்சுங்குது."

என் காதருகே வைத்துச் சுழற்றினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

ஜனவரி 29, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

குடோனில் பாலக்காட்டுக்காரர் இல்லாமலே ஒத்திகை நடந்ததாம். அவர் அடுத்த வாரம்தான் வருகிறாராம். இதைச் சொல்ல குமாரசாமி என்னைக் கூப்பிடவில்லை. பூங்கொடியைக் கூப்பிட்டிருக்கிறான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அவள் இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நான் கிடாரை மடியில் வைத்து நான்காவது முறையாக பிக்கப் மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக:

"ஏனுங்க. உங்களுக்குக் காது கேக்கறதில்ல."

"நீ பேசறது கேக்குதே."

"நான் கத்தறேன், கேக்குது. குக்கர் விசில் கேக்கறதில்ல. பெல்லு கேக்கறதில்ல. சுகந்தி மக ஃபோன்ல பேசறது கேக்கறதில்ல. மெல்லிசான சத்தம் எதுவுமே கேக்கறதில்ல. தடிச்ச சத்தம் மட்டுந்தான் கேக்குது. எல்லாத்துக்கும் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

"எல்லாத்துக்கும்னா?"

"எல்லாத்துக்குந்தான்."

"இத்தன நாளா என்ற முதுகுக்குப் பின்னால பேசிட்டு இருந்திருக்கறீங்க."

"முன்னால பேசினா நீங்க கேட்டுட்டா இருப்பீங்க? குமாரசாமி அண்ணன் சொல்ல வந்தாரு. காப்பியப் புடுங்கி வெச்சீங்க."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. குறை காதில் என்றால் காதில் என்று சொல்ல வேண்டும். கீச்சு, அறுக்குது, இதமா இருக்குது என்று சுற்றி வளைத்து என்னைக் கோமாளியாக்கி ஒரு மாதமாக பிக்கப் சுற்ற விட்டிருக்கிறார்கள். இரக்கப்பட்டார்களாம். நான் கேட்டேனா இரக்கத்தை?

டாக்டரிடம் போகலாம் என்றாள். முடியாது என்றேன். காதில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்க மாட்டேன்.

சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 5, வியாழன்

காது போனால் போகட்டும். பிக்கப்பை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைக்கு இன்று விடுமுறை விட்டேன். நான்கு பிக்கப்பையும் பாயில் வரிசையாக வைத்தேன். கிடாரோடு வந்தது, தடியாகச் சுற்றியது, மெலிதாகச் சுற்றியது, பெங்களூர். ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரோரம் வைத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பேரிங்கை விரல் பார்த்தது. இதை முதுகு பார்க்கட்டும்.

ஏழாவது தந்தியை அடித்து, உடனே உள்ளங்கையால் அமுக்கினேன். கீழ்ச் சுருதிக்கு அதுதான் சோதனை. கை நிறுத்தினால் சத்தமும் நிற்க வேண்டும். தடிச் சுருள்: கை நிறுத்திய பிறகும் முதுகெலும்பில் உருண்டுகொண்டே இருந்தது. கிடாரோடு வந்தது: அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. பெங்களூர்: நின்றது, ஆனால் வண்டி பிரேக் பிடித்து ஓரடி நகர்ந்து நிற்பது போல. மெலிந்த சுருள்: அடித்தால் அடி. அமுக்கினால் வெட்டு. முதுகில் சம்மட்டியால் அளந்து அளந்து தட்டுவது போல இருந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

பிறகு பூங்கொடியைக் கூப்பிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கிடாரை எடுத்தால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவள். கட்டிலில் உட்கார் என்றேன்.

"நான் வாசிக்கறேன். காது கூசினா கையத் தூக்கு. கூசலீன்னா மடியிலயே வெச்சுக்க."

"எனக்கு இதுல என்னுங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். மல்டிமீட்டருக்கு என்ன தெரியும்? முள்ளு காட்டுதல்ல, அத மாதிரி காட்டு."

மெலிந்த சுருளைப் போட்டு, ட்ரெபிள் குமிழ் எப்போதும் போல் பத்தில். அடித்தேன். இரண்டு கையும் மேலே போய்விட்டது. ஒன்பது. கை இறங்கவில்லை. எட்டு, ஏழு. ஒரு கை இறங்கியது. நான் குறைக்கக் குறைக்க எனக்கு வந்தது களி, கெட்டிக் களி. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பார்த்தபடியே திருகினேன். நான்குக்கும் கொஞ்சம் கீழே வந்தபோது மறு கையும் மடிக்குப் போனது.

"இப்ப?"

"இப்ப நல்லா கும்முனு இருக்குதுங்க."

"நெசமா?"

"நெசமாத்தான். இது பாட்டாட்ட இருக்குதே." அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம். அத்தனை வருஷமும் அவள் கேட்டது என்ன என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. கேட்கவில்லை.

தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, குமிழின் கோடு நின்ற இடத்தில் ஆம்பின் மேல் ஒட்டினாள்.

ஆக, பிக்கப் சரி. நான் சுற்றியது, நான் தேர்ந்தெடுத்தது, இருதயராஜ் வேண்டாம் என்றது, அதுதான் சரி. குமிழ்தான் தப்பு. அதைப் பத்தில் வைத்தது யார் என்பது இப்போது முக்கியம் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

குடோனுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். பாலக்காட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. இருதயராஜ் தீவன மூட்டையில் உட்கார்ந்து தந்தி மாற்றிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

ஆம்பை இறக்கி, குமிழைப் பொட்டுக்கு நேராக வைத்து, அவனுடைய பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எனக்கு வந்தது என்ன என்று எழுதத் தேவையில்லை. கண்ணை அவன் முகத்திலேயே வைத்திருந்தேன். முதலில் தோளை இறுக்கிக்கொண்டு அடி விழக் காத்திருப்பவன் போல இருந்தான். தோள் இறங்கியது. குமாரசாமி தானாகவே போய் டிரம்ஸில் உட்கார்ந்தான். இருதயராஜ் பாட ஆரம்பித்தான்.

முடிந்ததும், "எந்த பிக்கப்பு? சுகந்தி வாங்கினதா?" என்றான்.

"இதோட வந்தா வரமாட்டேன்னு நீ சொன்ன பிக்கப்பு."

"பொய் சொல்லாத."

திருப்புளியை எடுத்துக் கழற்றிக் காட்டினேன். என் ஹைலம் சட்டம், என் பற்றவைப்பு. அவன் அதைப் பார்த்தான், ஆம்பைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான். குமாரசாமி சிரிப்பை அடக்க முடியாமல் சிம்பல் தட்டைத் துடைப்பது போல நடித்தான்.

"சிரிச்சீன்னா பாத்துக்கோ," என்றேன்.

"பொட்டு தங்கச்சியுதா மாப்ள?"

"வாசிக்கலாமா, இல்ல பாலக்காட்டுக்குப் போயி வாசிக்கட்டுமா?"

இருதயராஜ் ஃபோனை எடுத்து வெளியே போனான். திரும்பி வந்து, "அவருக்குச் சொல்லிட்டேன்," என்றான். நான் அன்று அவன் தொண்டையைப் பற்றிச் சொன்னதைப் பற்றி அவனும் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் கூட என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. டீ வந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 14, சனி

ராஜாமணியின் மோட்டாரைப் பொருத்தினேன். புது பேரிங். திருப்புளியை வெளியே எடுக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். பிறகு அவளையும் கூப்பிட்டு, "கத்துதா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இல்லீங்கண்ணா என்றாள். என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கு நிறைய இளவட்டங்கள். எங்களுக்கு முன் வாசித்த குழு எங்களைப் பார்த்து, "அங்கிள், சவுண்ட் டீம் அந்தப் பக்கம்," என்றது. நாங்கள் மேடை ஏறினோம். ஒருவன் விசிலடித்திருக்க வேண்டும். விரலை வாயில் வைத்திருந்தான். முன்வரிசையில் பூங்கொடி பட்டுச்சேலையில் இருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி. கை இரண்டும் மடியில்.

முதல் பாட்டு தொடங்கியது. களி. வீட்டிலும் குடோனிலும் வராத அளவுக்குக் களி. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அவ்வளவு பெரிய களி. எங்களை ஊளையிட்டு இறக்கிய அந்தப் பழைய கல்லூரி மேடை கண் முன் வந்தது. அன்றும் இப்படித்தான் கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. பிறகு ஊளை. என் கை தந்தியை விட்டுவிட்டு ஆம்புக்குப் போனது. குமிழில் விரல் வைத்துவிட்டேன். ஒரு திருகு திருகினால் போதும், தெளிந்துவிடும். எனக்குத் தெளிந்துவிடும்.

பூங்கொடியைப் பார்த்தேன். கை மடியில் இருந்தது.

அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பாட்டுப் பற்றி ஒன்றும் தெரியாதவள். கதவைச் சாத்துகிறவள். என் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அவள் கையில் தொங்குகிறது, அந்தக் கை சும்மா கிடக்கிறது. குமிழிலிருந்து விரலை எடுத்தேன். காலை அகட்டிப் பலகையில் ஊன்றினேன். குமாரசாமியின் பெரிய டிரம் பாதத்தில் வந்தது. ஏழாவது தந்தி கெண்டைக்காலில் வந்தது. அமுக்கினேன், நின்றது. அடித்தேன், வந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு, சத்தத்தை விட்டுவிட்டு, அரை மணி நேரமும் வாசித்தேன். இடையில் இன்னொரு முறை கை குமிழுக்குப் போனது. அதையும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

கடைசிப் பாட்டில் முன்னால் இருந்தவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இருதயராஜ் மைக்கைப் பிடித்து அந்தக் கிணற்றுக் குரலில் ஒரு சுரத்தை இழுத்தான். கூட்டத்தின் வாய்கள் எல்லாம் திறந்திருந்தன. ஊளையா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கொடியின் கை மேலே போனது. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

கீழே இறங்கியதும் இருதயராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயை என் வலக்காதில் வைத்து, "என்ற குரல் எனக்குக் கேட்டுச்சுடா," என்றான்.

நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் கேட்ட கச்சேரி அது. வாசித்தவன் மட்டும் கேட்கவில்லை. அதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பிப்ரவரி 25, புதன்

ஆணி டப்பாவிலிருந்து பழைய குக்கர் வெயிட்டை எடுத்து அடுக்களையில் வைத்தேன். பழைய காலிங் பெல்லையும் மறுபடி மாட்டினேன். அதில் ஒரு பழுதும் இல்லை. கம்பிகூடப் புதிதாகத்தான் இருந்தது. பூங்கொடி கேட்டுக்கு வெளியே நின்று அழுத்தினாள். நான் ஸ்டூலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அடிக்குதுங்க," என்றாள்.

சரி என்று இறங்கினேன்.

திங்கட்கிழமைக்கு காது டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறாளாம். வரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போயிருக்கிறது. அது வேறு விஷயம்.